குடும்பம் என்று சொன்ன கடை

ரொறன்ரோவில் உள்ள றோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகத்தில் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. கதிரையில் அமர்ந்திருக்கும் தாடி வைத்த முதியவர். அவருடைய சப்பாத்தின் நுனி மட்டும் பளபளவென்று மின்னும். தொட்டால் அதிர்ஷ்டம் என்று நம்பித் தலைமுறை தலைமுறையாகச் சனங்கள் தடவித் தேய்த்த இடம் அது. கோயில் வாசற்படி தேய்ந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதில் புதினம் ஒன்றுமில்லை. ஆனால் இவர் சாமியல்ல, கடை முதலாளி. பெயர் திமோதி ஈற்றன். 1919இல், கடையின் ஐம்பதாம் ஆண்டு நிறைவின்போது இச்சிலையைச் செய்வித்துக் கொடுத்தவர்கள் அந்தக் கடையில் சம்பளத்துக்கு நின்ற தொழிலாளர்கள். ரொறன்ரோவுக்கு ஒன்று, வின்னிபெக்குக்கு ஒன்று என இரண்டு சிலைகள். வின்னிபெக் நகரில் ஏறத்தாழ 30,000 தொழிலாளர் ஆறு வாரம் பொதுவேலைநிறுத்தம் செய்ததும் அதே 1919இல்தான்.

தொழிலாளர் முதலாளிக்குச் சிலை வைத்த அந்தக் கடையில், அவர்களுக்குப் பின்வந்தவர்கள் ஒரு தொழிற்சங்கத்தை நிலைநிறுத்த மீண்டும் மீண்டும் முயன்று தோற்ற கதையே இக்கட்டுரை. தொழிலாளர் வரலாறு என்றால் எமக்குத் தோட்டமும் துறைமுகமும் ஆலையும்தான் நினைவுக்கு வரும். கடையில் நிற்பவரை நாம் தொழிலாளர் என்று எண்ணுவது குறைவு. புலம்பெயர்ந்த நாடுகளில் எம்மவரில் எத்தனையோ பேர் கடைகளிலும் உணவகங்களிலும்தான் நின்று உழைக்கிறார்கள். ஆகவே இந்தக் கதை எமக்குத் தூரத்துக் கதையல்ல.

திமோதி ஈற்றன் அயர்லாந்தின் வடபகுதியில் பலிமீனா என்ற ஊர்ப்பக்கத்தில் 1834இல் பிறந்தவர். இருபது வயதில் கப்பலேறிக் கனடா வந்தார். 1869இல் ரொறன்ரோவின் யங் வீதியில் ஒரு கடையை ஏற்று நடத்தத் தொடங்கினார். பேரம் பேசுவதில்லை, கடன் இல்லை, எல்லோருக்கும் ஒரே விலை, பொருள் திருப்தியில்லாவிட்டால் காசைத் திருப்பித் தருவோம் என்பன அவருடைய விதிகள். 1884 முதல் விலைப்பட்டியல் நூலை அச்சிட்டுத் தபாலில் அனுப்பினார். பனிவெளியில் தனித்துக் கிடந்த பண்ணைவீடுகளுக்கும் அந்த நூல் போய்ச் சேர்ந்தது. 1907இல் அவர் இறந்தபோது கடைகளும் தொழிற்சாலைகளும் ஆயிரக்கணக்கான தொழிலாளருமாக ஒரு சாம்ராச்சியம் இருந்தது.

அவர் கொடுமைக்கார முதலாளியாக அறியப்பட்டவரல்லர். மற்றக் கடைகள் இரவு வெகுநேரம் திறந்திருந்த காலத்தில் மாலை ஆறு மணிக்குக் கடையை மூடும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர். அவருக்குப் பின் பொறுப்பேற்ற மகன் ஜோன் கிறெய்க் ஈற்றன், முதலாம் உலகப்போருக்குப் போன தன் தொழிலாளருக்கு, மணமானவர்க்கு முழுச் சம்பளமும் மணமாகாதவர்க்கு அரைச் சம்பளமும் கொடுத்தார். பொன்விழா ஆண்டில் சனிக்கிழமை ஓய்வை அறிவித்தார். ஒருபுறம் ஓய்வுநாள், மறுபுறம் சிலை. கொடுப்பதும் நன்றி சொல்வதுமாக இருந்த உறவு அது. கடை தன்னை ஒரு குடும்பமாகவே சொல்லிக்கொண்டது.

இப்படியான குடும்பத்தை நாங்கள் அறிவோம். தென்னிலங்கைப் பட்டினங்களில் யாழ்ப்பாணத்தார் நடத்திய கடைகளில் ஊரிலிருந்து கூட்டிவரப்பட்ட சொந்தக்காரப் பெடியன்கள் நின்றார்கள். படுக்கை கடைக்குள், சாப்பாடு முதலாளி வீட்டில், சம்பளம் ஊரிலிருக்கும் தகப்பனுக்கு. கணக்கு முதலாளியின் கொப்பியில். இலங்கையில் கடை, அலுவலக ஊழியருக்கான சட்டம் 1954இல் வந்தது. வேலைநேரம், லீவு, சம்பளம் எல்லாம் அதில் எழுதியிருந்தன. ஆனால் மாமா முறையான முதலாளியிடம் எந்தப் பெடியன் போய்ச் சட்டம் பேசுவான்?

ஈற்றன் குடும்பத்தில் முதல் பெரிய விரிசல் 1912இல் வந்தது. கடைக்குப் பின்னாலேயே கம்பனியின் தையல் தொழிற்சாலை இருந்தது. அங்கு தைத்தவர்களில் பெரும்பகுதியினர் யூதர்கள். ருஷ்யப் பேரரசில் தம்மைத் தேடித்தேடி அடித்த கலவரங்களுக்கும் வறுமைக்கும் தப்பி வந்து, ஒழுங்கைகளில் நெருக்கியடித்துக் குடியிருந்தவர்கள். அந்த ஆண்டு பெப்ரவரியில் ஆண் தையற்காரர் 65 பேரிடம், பெண்களின் மேலங்கிகளுக்கு உட்துணியையும் நீங்களே மெசினில் தையுங்கள் என்று கம்பனி சொன்னது. மேலதிகக் கூலி இல்லை. அதுவரை அந்த வேலையைக் கையால் செய்துவந்தவர்கள் பெண்கள். ஆண்கள் அதைச் செய்தால் அந்தப் பெண்களுக்கு வேலை போகும். அவர்கள் மறுத்தார்கள். எங்கள் சகோதரிகளின் வாயிலிருந்து அப்பத்தைப் பறிக்கமாட்டோம் என்பதே அவர்கள் சொன்னதன் சாரம். 65 பேரும் வெளியே தள்ளப்பட்டார்கள். அவர்களுக்காக ஆயிரத்துக்கும் அதிகமானோர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். யூதக் குடியிருப்புகள் ஈற்றன் கடையைப் பகிஷ்கரித்தன. நான்கு மாதமளவில் எல்லாம் முடிந்தது. தொழிலாளர் தோற்றார்கள்.

அந்த 65 பேரும் தங்களுடைய கூலிக்காக மட்டும் நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மொழி தெரியாத, நேற்று வந்த அகதிகள் பக்கத்து மேசைப் பெண்ணின் வேலைக்காகத் தங்கள் வேலையை இழந்தார்கள். அவர்களுக்கு உதவ நகரத்தின் மற்றத் தொழிலாளர் போதிய அளவில் வரவில்லை. வந்தேறிகளின் சண்டை என்று விலகி நின்றவர்களே அதிகம். தோல்விக்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்த பெரிய முயற்சி 1948இல் தொடங்கியது. இம்முறை தையற்சாலை அல்ல, கடையே. விற்பனைப் பெண்கள், பண்டகசாலைக்காரர், தபால் ஓடர் பிரிவினர், பொருள் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் என்று ரொறன்ரோவில் மட்டும் ஆயிரக்கணக்கானோர். கனடியத் தொழிற் காங்கிரஸ் ஆதரவோடு, சில்லறை மொத்த விற்பனைத் தொழிலாளர் சங்கம் இதில் இறங்கியது. முன்னின்று நடத்தியவர் ஐலீன் ரோல்மன் என்ற பெண். போர்க்காலத்தில் வங்கி ஊழியரைச் சங்கமாக்க முயன்ற அனுபவம் அவருக்கு இருந்தது. பின்னாளில், 1982இல், ஐலீன் சுஃப்ரின் என்ற மணப்பெயரில் இம்முயற்சி பற்றி ‘தி ஈற்றன் டிறைவ்’ என்ற நூலை எழுதினார். தோற்ற போராட்டத்தைப் பற்றி அதை நடத்தியவரே உட்கார்ந்து எழுதுவது அபூர்வம். எமது சமூகத்தில் இன்னும் அபூர்வம்.

கடையில் ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் இல்லை. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. மேற்பார்வையாளரின் மனம்போல ஒன்று. பக்கத்தில் நிற்பவருக்கு என்ன சம்பளம் என்று ஒருவருக்கும் தெரியாது. சங்கத்தார் காலையில் வாசல்களில் நின்று துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். வீடுவீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். கம்பனி அடியாட்களை அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக 1948இல் ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்தது. சம்பளத்தைக் கூட்டியது. பிறகு, பார்த்தீர்களா, சங்கம் இல்லாமலே எல்லாம் கிடைக்கிறதே என்றது. சங்கம் கதவைத் தட்டியபடியால்தான் அது கிடைத்தது என்பதைச் சொல்லிப் புரியவைப்பது ஐலீனுக்குப் பெரும்பாடாயிற்று.

இரண்டாவது எதிரி காலம். கடைவேலைக்கு ஆட்கள் வருவதும் போவதுமாக இருப்பார்கள். கலியாணம் முடிந்தால் போவார்கள், வேறு வேலை கிடைத்தால் போவார்கள். ஒரு பக்கத்தால் நூறுபேர் கையொப்பமிட, மறுபக்கத்தால் முன்னர் கையொப்பமிட்டவர்கள் வேலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் அள்ளுவது மாதிரி. 1950 ஒக்ரோபரில் சங்கம் ஒன்ராறியோ தொழில் உறவுச் சபையிடம் அங்கீகாரம் கேட்டு விண்ணப்பித்தது. யார் யார் தொழிலாளர், யார் யார் மேற்பார்வையாளர் என்ற வாதங்களில் மாதங்கள் போயின. வாக்கெடுப்பு நடந்தது 1951 டிசம்பரில். இடையில் பதினான்கு மாதங்கள். வாக்களித்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைந்தவர்களே சங்கத்தை ஆதரித்தார்கள். அந்தச் சொற்ப வித்தியாசத்தில் நாட்டின் மிகப்பெரிய கடை சங்கமில்லாத கடையாகவே தொடர்ந்தது. ஈற்றனில் வென்றிருந்தால் நாடெங்கும் உள்ள கடைத்தொழிலாளரின் கதை வேறாக இருந்திருக்கலாம்.

இதற்கு அடுத்த ஆண்டே, 1952இல், மொன்றியலில் வேறொரு கடையில் நேர்மாறான ஒன்று நடந்தது. டியுபுயி ஃப்றேர் என்ற அந்தக் கடை பிரெஞ்சுக் கனடியருக்குச் சொந்தமானது. ஆங்கிலேயர் கையில் வர்த்தகம் இருந்த நகரத்தில் ‘எங்கட ஆட்களின் கடை’ அது. முதலாளி கத்தோலிக்கர், தொழிலாளர் கத்தோலிக்கர், வாங்குபவர் கத்தோலிக்கர், சங்கமும் கத்தோலிக்கச் சங்கம். எங்கள் இனத்தின் கடையைக் காப்பாற்றுங்கள் என்பதே விளம்பரம். சம்பளத்தைப் பார்த்தால், அதே நகரத்தில் ஈற்றன் கடையில் நிற்பவரைவிட இவர்களுக்குக் குறைவு. இனத்துக்காகக் குறைந்த கூலியில் நிற்க எத்தனை வருடம் முடியும்? ஏறத்தாழ ஆயிரம்பேர் வெளியே வந்தார்கள். கம்பனி விலையைக் குறைத்து வாடிக்கையாளரை இழுத்தது, கருங்காலிகளை வைத்துக் கடையை நடத்தியது. மூன்று மாதமளவில் நீடித்த அந்த வேலைநிறுத்தம் தொழிலாளரின் வெற்றியோடு முடிந்தது. சம்பளம் கூடியது. கடை அதனால் இடிந்து விழவில்லை. மேலும் கால் நூற்றாண்டு நடந்தது.

இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. மொன்றியல் தொழிலாளருக்கு 1952க்கு முன்பே ஒரு சங்கம் இருந்தது. பலவீனமானதுதான், முதலாளிக்கு இணக்கமானது என்று பெயரெடுத்ததுதான். ஆனாலும் கூடிப் பேச ஓர் இடம், பட்டியலில் பெயர், தமக்குள் பழக்கம் எல்லாம் இருந்தன. கோபம் வந்தபோது அந்தப் பழைய சங்கத்தையே தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். ரொறன்ரோவில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் அடியிலிருந்து கட்டவேண்டியிருந்தது.

ஈற்றன் குடும்பத்தின் மிச்சக் கதை சுருக்கமானது. 1976 ஜனவரியில் தபால்மூல விலைப்பட்டியல் விற்பனையை நிறுத்துவதாகக் கம்பனி அறிவித்தது. ஒரே அறிவித்தலில் 9,000 வரையானோருக்கு வேலை போனது. குடும்பத்திலிருந்து விலக்கப்படுவதற்கு எதிராக முறையிட அவர்களிடம் எழுதப்பட்ட ஒப்பந்தம் எதுவும் இருக்கவில்லை.

1984இல் மூன்றாவது முயற்சி. ரொறன்ரோவுக்கு வெளியே பிறம்ரனில் உள்ள பிறமலீ கடைத்தொகுதியின் ஈற்றனில் அங்கீகாரம் கிடைத்தது. அங்கிருந்து தீ பரவியது. தென் ஒன்ராறியோவில் ஆறு கடைகள். அவற்றில் ஒன்று ஸ்காபரோ ரவுன் சென்ரரில் இருந்தது. இன்று எம்மவர் பனிக்கோட்டு வாங்கவும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சும்மா சுற்றவும் போகிற அதே இடம். 1984 நவம்பர் 30இல், நத்தார் வியாபாரம் தொடங்கும் வேளையில், ஏறத்தாழ 1,500 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பெரும்பான்மையினர் பெண்கள், பலர் பகுதிநேர வேலையினர். ஆடிக் கலவரத்துக்குப் பின் எம்மவர் ஒவ்வொருவராகவும் குடும்பங்களாகவும் இந்த நகரத்தில் வந்திறங்கிக்கொண்டிருந்த குளிர்காலம் அது. எம்மவரில் சிலர் அந்த மறியல் வரிசையைக் கடந்துபோய்க் கையுறை வாங்கியிருக்கவும் கூடும். பதாகையில் என்ன எழுதியிருந்தது என்று வாசிக்க அப்போது எங்களுக்கு ஆங்கிலமும் இல்லை, நேரமும் இல்லை.

இங்கே சட்டத்தின் ஒரு நுணுக்கத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைப்பது வேறு, ஒப்பந்தம் கிடைப்பது வேறு. அங்கீகாரம் கிடைத்தால் முதலாளி சங்கத்தோடு நல்லெண்ணத்தோடு பேசியாக வேண்டும். ஆனால் எதற்கும் சம்மதித்தாக வேண்டும் என்றில்லை. சங்கமில்லாத கடைகளில் உள்ளவர்களுக்குக் கொடுப்பதற்கு மேலாக ஒரு சதமும் இல்லை என்று கம்பனி இருந்துவிட்டது. இன்னொரு சட்டமும் கழுத்தை நெரித்தது. அப்போதைய ஒன்ராறியோச் சட்டப்படி, வேலைநிறுத்தம் தொடங்கி ஆறு மாதத்துக்குள் வேலைக்குத் திரும்பக் கேட்பவருக்கே தன் இடம் உரிமையாகக் கிடைக்கும். கம்பனிக்கு நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். பெண்கள் அமைப்புகளும் வேறு சங்கங்களும் பனியில் வந்து கூட நின்றன. என்றாலும் ஆறாவது மாதம் முடிவதற்கு முன், 1985 மே மாதத்தில், தொழிலாளர் ஒப்பந்தத்தை ஏற்று உள்ளே போனார்கள். அதில் கிடைத்தது சொற்பம். அடுத்த சில வருடங்களில் சங்கத்தின் அங்கீகாரமும் கடைகளில் இல்லாமற்போனது.

கடையின் அமைப்பும் மாறியிருந்தது. 1948இல் ஐலீனின் ஆட்கள் தெருவோர வாசலில் நின்று பிரசுரம் கொடுக்க முடிந்தது. 1984இல் பல வாசல்கள் கடைத்தொகுதிக்குள் போய்விட்டன. அது தனியார் நிலம். வின்னிபெக் கடைத்தொகுதி ஒன்றில் சட்டப்படி வேலைநிறுத்தம் செய்து மறியலில் நின்ற பெண் அத்துமீறி நுழைந்த குற்றவாளி என்று 1975இல் கனடிய உச்சநீதிமன்றம் தீர்த்திருந்தது. ரொறன்ரோ ஈற்றன் சென்ரருக்குள் பிரசுரம் கொடுத்த சங்கத்தாரையும் கட்டிட உரிமையாளர் வெளியேற்றினார். சங்கம் விடவில்லை. வழக்கு ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 1989இல் சங்கத்தார் பக்கம் தீர்ந்தது.

குடும்பம் என்ற சொல்லுக்கு இனி எங்கள் பக்கம் வருவோம். நான் உணவகக் குசினிகளில் வேலை செய்பவன். பல்கலைக்கழகத்தில் பாதியில் விட்ட படிப்பு வெங்காயம் வெட்ட உதவாது. எங்கள் குசினிகளில் மணித்தியாலக் கணக்கு எழுதப்படுவது அரிது. பாதிச் சம்பளம் காசோலையாகவும் பாதி கைக்காசாகவும் வரும். மேலதிக நேரத்துக்கு, அதாவது ஒன்ராறியோவில் வாரத்துக்கு 44 மணித்தியாலத்துக்கு மேற்பட்டதற்கு, ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும் என்ற சட்டத்தை யாராவது ஞாபகப்படுத்தினால் பதில் ஆயத்தமாக இருக்கும்: “தம்பி, நாங்கள் ஒரு குடும்பம் மாதிரி. எங்களுக்குள்ள என்ன கணக்கு?” இதைச் சொல்பவர் பெரும்பாலும் கெட்டவரல்லர். வந்த புதிதில் படுக்க இடம் தந்தவர். வழக்குக்குக் கடிதம் எழுதித் தந்தவர். தானும் பதினாலு மணித்தியாலம் நின்று, வட்டிக்கு வாங்கிய கடனைக் கட்டுபவர். அதனால்தான் கேட்பது கடினம். கேட்டவன் உரிமை கேட்டவனாக அல்ல, நன்றி கெட்டவனாகப் பார்க்கப்படுவான்.

ஈற்றனின் கதை இதற்குத்தான் பதில் சொல்கிறது. முதலாளி நல்லவரா கெட்டவரா என்பது கேள்வியே அல்ல. சனிக்கிழமை ஓய்வு நல்லதுதான், போர்க்காலச் சம்பளமும் நல்லதுதான். ஆனால் மனமிரங்கித் தந்ததை மனம் மாறினால் திருப்பி எடுக்கலாம். மகன் வந்து பேரன் வரும்போது மனமும் மாறும், சந்தையும் மாறும். ஒப்பந்தத்தில் எழுதியதை அப்படி எடுக்க முடியாது, எடுத்தால் கேட்க இடமுண்டு. டியுபுயி தொழிலாளர் தங்கள் இனத்தின் கடையைப் பகைத்து வெளியே வரவில்லை. இனத்தின் கடையிலும் கணக்கு வேண்டும் என்றே கேட்டார்கள்.

சிறிய இடங்களில் சங்கம் சாத்தியமா என்று கேட்கலாம். ஒன்ராறியோச் சட்டம் கேட்பது ஒருவருக்கு மேற்பட்ட தொழிலாளரை மட்டுமே. 1995 முதல் உள்ள முறைப்படி, பொதுவாக நூற்றுக்கு நாற்பதுபேர் உறுப்புரிமை அட்டையில் கையொப்பமிட்டால் இரகசிய வாக்கெடுப்பு நடக்கும். கையொப்பமிட்டதற்காக ஒருவரை வேலையால் நிறுத்துவது சட்டவிரோதம். வேலை அனுமதிப் பத்திரத்தோடு உழைக்கும் அகதிக்கும் இது பொருந்தும். இதெல்லாம் இலகு என்று சொல்ல வரவில்லை. கியூபெக்கின் ஜொன்கியேரில் வோல்மார்ட் கடை ஒன்றில் 2004இல் சங்கம் அங்கீகாரம் பெற்றது. 2005 ஏப்ரலில் கம்பனி கடையையே மூடியது. ஏறத்தாழ 190 பேர் வேலையிழந்தார்கள். அப்படி மூடியது சட்டமீறல் என்று உச்சநீதிமன்றம் சொன்னது 2014இல்.

1999இல் ஈற்றன் கம்பனி வங்குறோத்தாகியது. யங் வீதிக் கட்டிடத்தில் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. 1985இல் அந்தப் பெண்கள் பெற்ற ஒப்பந்தம் இன்று எங்கும் செல்லாது. ஆனால் அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தபின், 1986இல் ஒன்ராறியோ சட்டசபை ஒரு திருத்தம் செய்தது. முதலாவது ஒப்பந்தத்தை முதலாளி நியாயமின்றி இழுத்தடித்தால், நடுவர் ஒருவர் அதை எழுதிக் கொடுக்கலாம் என்பதே அது. அந்த ஏற்பாடு இன்றும் சட்டத்தில் இருக்கிறது. நாளைக்கு ஸ்காபரோவில் எட்டுப்பேர் நிற்கும் ஒரு பலசரக்குக் கடையில் யாராவது சங்கம் அமைத்து, முதலாளி பேச மறுத்தால், அவர்களுக்கு உதவப்போவது அந்த எழுத்துத்தான். அதைத் தந்துவிட்டுப் போனவர்கள், ஆங்கிலம் தெரியாத நாங்கள் அன்று வாசிக்காமல் கடந்துபோன பதாகைகளைப் பிடித்து நின்றவர்கள்.